வாயசைவு

கன்னாதிட்டி நகைக்கடையொன்றின் பழைய கணக்குக் கொப்பிக்குள்
பக்க அடையாளமாய்க் கிடந்தது இந்தப் பிலிம் துண்டு.
பதினொரு சட்டகம். ஒரு நொடிகூட ஓடாது.
வெளிச்சத்தில் பிடித்தேன்:
மீசை, தலைப்பாகை, திறக்கப்போகும் வாய்.

அதே பக்கத்தில் எழுதியிருந்தது:
சால் ஐயாவின் படச்சுருள், ஆறு தகரம்.
அவித்தெடுத்த வெள்ளி பதினாலு களஞ்சு.
கொலுசு ஒரு சோடி.

ஜால் எதுல்ஜி.
சூரத்திலிருந்து பம்பாய், பிறகு தனுஷ்கோடிக் கப்பல்,
தலைமன்னாரிலிருந்து ரயில்.
நாலு பெட்டி, கைப்பிடி சுற்றும் ஒரு கமரா.
பார்சி என்றான். ஊருக்குப் பாசி என்று கேட்டது.
பெரியகடைப் பெண்கள் வந்து
பவளம் இருக்கோ, பச்சைமணி இருக்கோ என்று
பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
திறந்தான். கறுப்பு நாடா.
"இதைக் கழுத்தில கட்டேலாது" என்று போய்விட்டார்கள்.

முற்றவெளியில் கிடுகுக் கொட்டகை போட்டான்.
மூன்றாம் வருசம் சொந்தமாய் ஒரு படம்.
மணற்காட்டு மேடுகள் பாலைவனம்.
அரசன் அவன், மந்திரி அவன்,
அரசனைப் பெற்ற தாயும் அவன்.
நடிக்க ஒருத்தியும் வராததால்
சுருட்டுக்கொட்டில் கணக்கர் இராசிங்கம் மகாராணி
(மீசை எடுக்க மூன்று ரூபா தனியாகக் கேட்டார்,
கடனாகச் சம்மதித்தார்).
கமராவைச் சுற்றிய பெடியன் தும்மினால்
அரசன் தடுமாறினான்.

சுருளைக் கழுவியது வளவுக் கிணற்றில்.
எங்கள் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர்.
கேத்திலின் அடியில் படிவதுபோல்
படமெங்கும் வெள்ளைப் புள்ளி.
திரையில் பாலைவனத்தில் மழை பெய்தது.
அரண்மனைக்குள் பெய்தது.
அரசன் தாகத்தால் சாகும்போதும் பெய்தது.
சனம் எழும்பி நின்று கைதட்டியது.
அந்த வருசம் மாரி பிந்தியிருந்தது.

திரைக்குப் பக்கத்தில் வாங்கில் ஏறிநின்று
கதை சொன்னவர் கதிரித்தம்பி.
திங்களில் அரசன் நல்லவன், வெள்ளியில் கள்ளன்.
எதுல்ஜி கடைசி வரிசையில் இருந்து
தன் படத்தின் கதை என்னவென்று
இரவிரவாகக் கேட்டு அறிந்துகொண்டான்.

எட்டு வருசம் அவன் எங்கட ஆள்.
வாய் அசையும், சத்தம் வராது.
கரவெட்டியார் கரவெட்டிச் சொல்லை அதில் வைத்தார்,
தீவார் தீவுச் சொல்லை.

பிறகு படங்கள் கதைக்கத் தொடங்கின.
புதுக் கொட்டகைத் திறப்புவிழாவில்
அவனை மேடையேற்றி ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.
"யால்பானத்து மகா ஜனங்களே" என்றான்.
பின்வரிசையில் தொடங்கிய சிரிப்பு
முன்வரிசைக் கதிரைகளுக்கு வந்து சேர்ந்தபோது
அவனும் சிரித்துக்கொண்டிருந்தானாம்.

எனக்கு விளங்காதது இதுதான்.
சிரித்த சனத்தில் ஒருவராவது
ழ சொல்லியிருப்பாரா?
நானே யாள்ப்பாணம் என்றுதான் சொல்கிறேன்.
வாளைப்பளம்தான் தின்கிறேன்.
எங்கள் பிழை இங்கே பிறந்த பிழை.
அவனுடையது கப்பலில் வந்தது.

அடுத்த கிழமை ஆறு தகரமும் கன்னாதிட்டிக்குப் போயின.
வந்த காசில் இராசிங்கத்தின் மீசைக்கடனை
வட்டியோடு தீர்த்தான்.
பிறகு அதே புதுக் கொட்டகை வாசலில்
ரிக்கற் கிழித்தான், பதினேழு வருசம்.
வாய் திறக்கத் தேவையில்லாத வேலை.

கொலுசு யார் காலுக்குப் போனது?
கொப்பியில் இல்லை.
ஒரு அரசன், ஒரு மந்திரி, ஒரு தாய்,
மீசையெடுத்த மகாராணி, அத்தனை மழை,
எல்லாம் ஏதோ ஒரு பெட்டையின் கணுக்காலில்
ஒழுங்கையெல்லாம் சத்தம் போட்டுத் திரிந்திருக்கும்.

துண்டைத் திரும்பவும் பிடித்துப் பார்க்கிறேன்.
ஏழாம் சட்டகம்வரை வாய் மூடியிருக்கிறது.
எட்டில் உதடு பிரிகிறது.
ஒன்பதில், பத்தில் அகல்கிறது.
பதினொன்றில் நாக்கு தெரியவேண்டும்,
மடிந்ததா மடியவில்லையா என்று.

அங்கே ஒரு சுண்ணாம்புப் புள்ளி.